ஆசிரியர் வேலையில் கால் பங்கு

கேள்வி இதுதான்: "எந்தப் பாடத்துக்கும் இணையத்தில் நல்ல விளக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தேகம் வந்தால் ஏஐயிடம் கேட்கலாம், நூறு முறை கேட்டாலும் அது சலித்துக்கொள்வதில்லை. இனி ஆசிரியரும் வகுப்பறையும் எதற்கு? ஏழாவது படிக்கும் என் பையனுக்கு டியூஷனை நிறுத்திவிட்டு ஒரு செயலியை வாங்கிக் கொடுத்தால் போதாதா?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை, படிப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது. முப்பது வயதில் வேலைக்காக ஒரு புதிய நிரல்மொழி கற்கிறவர் இன்று யாரிடமும் போய் உட்காருவதில்லை. அவருக்கு ஆசிரியரும் வகுப்பறையும் எப்போதோ தேவையற்றுப் போய்விட்டன. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் ஆறு வயதுக் குழந்தைக்கு அப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை. இந்த இருவருக்கும் நடுவில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. உங்கள் பையனும் அதில்தான் இருக்கிறான்.

நான் பதினெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அப்புறம் இரண்டு வருஷம், வீடியோ பாடங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கியதால் இரண்டு பக்கத்தின் மேலும் கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

ஆசிரியருக்குப் பதில் கருவி என்ற எண்ணம் ஏஐயோடு பிறந்ததில்லை. பள்ளியில் புத்தகங்களுக்குச் சீக்கிரம் வேலை இருக்காது, திரைப்படம் வந்துவிடும், பத்து வருஷத்துக்குள் பள்ளி முறையே முழுசாக மாறிவிடும் என்று தாமஸ் எடிசன் 1913-இல் சொன்னார். 1953-இல் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். போட்ட கணக்கு சரியா தப்பா என்பது குழந்தைகளுக்கு உடனே தெரியாமல் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு விடைக்கும் அந்தக் கணமே பதில் சொல்லும் 'கற்பிக்கும் இயந்திரம்' ஒன்றைச் செய்தார். 1964-இல் அமெரிக்கன் சமோவா தீவுகளில் பள்ளிப் பாடங்களையே தொலைக்காட்சி வழியாக நடத்தத் தொடங்கினார்கள். பெட்டி பாடம் சொல்லும், வகுப்பில் இருக்கும் ஆசிரியர் அதைத் தொடர்ந்து பயிற்சி கொடுப்பார். சில வருஷங்களில் ஆசிரியர்களுக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் அது அலுத்துப்போய், 1970-களில் தொலைக்காட்சி வெறும் துணைக்கருவியாகச் சுருங்கியது.

இந்தப் பட்டியலைக் காட்டி, "பார்த்தீர்களா, ஒவ்வொரு முறையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை" என்று முடித்துவிடுவது சுலபம். ஸ்டாஃப் ரூமில் அதைத்தான் செய்வோம். ஆனால் அது சரியான வாதம் கிடையாது. அச்சுப் புத்தகமும் ஒரு தொழில்நுட்பம்தான். ஏடு கைக்குக் கை நகல் ஆன காலத்தில் ஆசிரியரின் நேரத்தில் பெரும்பகுதி பாடத்தைச் சொல்வதிலும், பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்களா என்று கேட்டுப் பார்ப்பதிலும் போனது. புத்தகம் வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. அதற்காக இன்று யாரும் வருந்துவதில்லை. ஆகவே, கருவி ஆசிரியரின் வேலையில் எந்தப் பகுதியைப் பிடுங்கும் என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் உருப்படியாகப் போகும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல கணக்கு ஒன்று பழைய இலக்கண நூலில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், ஆசிரியர் சொன்னதை மாணவன் முழுசாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குச் சேர்வது கால் பங்குப் புலமைதான் என்று வருகிறது. உடன் படிப்பவர்களோடு பழகும்போது இன்னொரு கால். பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. இந்தக் காலும் அரையும் அளந்து பார்த்துச் சொன்னவை இல்லை என்பது வெளிப்படை. ஆனாலும் பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்ததோடு இது பெரிதாக முரண்படவில்லை. வீடியோவும் செயலியும் போட்டி போடுவது பெரும்பாலும் அந்த முதல் கால் பங்கில். அதில் அவை ஜெயிக்கவும் செய்கின்றன. என்னைவிட அழகாக முக்கோணவியல் விளக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. சிலவற்றைப் பார்த்துவிட்டு என் பாடக்குறிப்பையே மாற்றி எழுதியிருக்கிறேன்.

அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்களுக்குச் சொல்லப்படும் உவமைகளில் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டைகள் சூழ நிற்கும் பனையில் ஏற முடியாது. பழம் தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், வேண்டியதைப் போய்ப் பறிக்க முடியாது. வீடியோ பாடம் எனக்கு எப்போதும் அதைத்தான் நினைவூட்டும். தருவதைத் தரும், கேட்பதைத் தராது. ஏஐ வந்தபின் இந்த இடத்தில் உண்மையாகவே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. இந்தப் பனையில் ஏறலாம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். (பனையில் போலிப் பழங்களும், அதாவது தப்பான விடைகளும், தொங்குகின்றன என்பது வேறு கதை.)

சரி, விளக்கம் இவ்வளவு தாராளமாகக் கிடைத்தபோது என்ன நடந்தது? 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நோர்விக் இருவரும் இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள். முடித்தவர்கள் 20,000-க்குச் சற்று மேல். அது நல்ல கணக்கு என்று பின்னால் தெரிந்தது. ஹார்வர்டு, எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களை ஆராய்ந்தபோது, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர் சொச்சம். அதே தளத்தின் வீடியோக்களை 2014-இல் ஆராய்ந்தவர்கள், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர் சராசரியாக 6 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று கண்டார்கள். நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கதைதான். எங்கே பார்வை நிற்கிறது என்று திரையில் ஒரு கோடு காட்டும், அது மலையிலிருந்து இறங்குவது போல இறங்கும். அந்தக் கோட்டை நிமிர்த்தத்தான் கூட்டங்கள் போட்டோம். பின்னணி இசை, கார்ட்டூன், நட்சத்திரப் பரிசு எல்லாம் முயன்றோம். வகுப்பில் ஒரு பிள்ளை ஆறாவது நிமிடம் எழுந்து போய்விட முடியாது என்ற ஒரே காரணத்தால் எனக்கு எவ்வளவு சலுகை இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

சிரிப்பாக இருக்கலாம், ஆனால் இதில்தான் விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் விளக்கம் கிடைப்பதால் படிப்பதில்லை. தங்களுக்காக ஒரு ஆள் காத்திருக்கிறார் என்பதால் படிக்கிறார்கள். நாளைக்கு வீட்டுப்பாடத்தை ஒருவர் பார்ப்பார், பார்த்துவிட்டு முகம் ஒரு மாதிரி போகும், அல்லது மலரும். செயலியின் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடலாம். முகத்தை அப்படித் தள்ள முடியாது.

இது வெறும் வாத்தியார் உணர்ச்சி என்று தோன்றினால் இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

ஒன்று, பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2003-இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசும் ஒருவர் 12 முறை உட்கார்ந்து விளையாடினார், கதை வாசித்தார். அதன்பின் அந்தக் குழந்தைகளால் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிய முடிந்தது. அதே ஆட்கள், அதே கதைகள், வீடியோவில் காட்டப்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கைக்குழந்தையை வைத்துப் பள்ளிப் பிள்ளையைப் பற்றி முடிவுகட்டக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்றல் எந்த மண்ணில் முளைக்கிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது இன்னும் சுவையானது, ஏனென்றால் அது எதிர்த் தரப்பிலிருந்து வருகிறது. 1999-இல் தில்லியில் ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்து, ஆசிரியர் இல்லாமலே குழந்தைகள் அதைப் பழகிக்கொள்வதைக் காட்டியவர் சுகதா மித்ரா. ஆசிரியரே வேண்டாம் என்பவர்கள் முதலில் எடுத்துவிடும் பெயர் அவருடையது. அந்தச் சோதனையின் எல்லையைப் பார்க்க வேண்டும் என்று அவரே காளிக்குப்பம் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போனார். தமிழ் பேசும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியலைத் தாங்களாகவே கணினியில் கற்க முடியுமா என்பது கேள்வி. ஒன்றும் தெரியாமல் தொடங்கிய பிள்ளைகள் சில மாதங்களில் நூற்றுக்கு 30 மதிப்பெண் அளவுக்கு வந்தார்கள். இது பெரிய விஷயம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு மேல் ஏற வழி தெரியவில்லை. அப்போது அவர் உயிரியல் ஆசிரியரைத் தேடவில்லை. பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய, உயிரியல் தெரியாத ஒரு இளம்பெண்ணிடம், பின்னால் நின்று "அட, இது எப்படி? எனக்கும் காட்டு" என்று பாட்டி கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். மதிப்பெண் 50 ஆனது.

இந்தக் கதையை மித்ரா ஒரு முடிவுக்காகச் சொல்வார், நான் வேறு முடிவுக்காகச் சொல்வேன். பாடம் தெரிந்த ஆள் இல்லாமல் பாதி தூரம் போகலாம் என்பது அவர் காட்டியது. பாடம் தெரியாவிட்டாலும் ஒரு ஆள் வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரிவது. அந்தப் பெண் என்ன செய்தார்? பிள்ளைகளைத் தனக்கு விளக்கிச் சொல்ல வைத்தார். பவணந்தியின் கடைசி அரைப் பங்கு.

வகுப்பறை இந்த அரையையும் நடுக் காலையும் எப்படித் தருகிறது என்பதை என் வகுப்பில் நடந்த ஒன்றைக் கொண்டு சொல்லிப் பார்க்கிறேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்றான். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டும் வழக்கமான தப்பு. வழக்கம்போல மீ.சி.ம. எடுத்து விளக்கிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகப் பார்த்தேன். அவன் விடவில்லை. "சார், முதல் டெஸ்ட்ல ரெண்டு கேள்விக்கு ஒண்ணு சரியா எழுதினேன். அடுத்த டெஸ்ட்ல மூணு கேள்விக்கு ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது ஒரு வகையில் சரிதான். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அஞ்சுல ரெண்டு அரையவிடக் கம்மியாச்சே, அரையோட ஒண்ணைக் கூட்டினா எப்படிக் குறையும்?" என்றாள். அவன் யோசித்தான். ஆனால் தன் ஐந்துக்கு இரண்டை விட்டுக்கொடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் ஒரே இரைச்சல். கடைசி பெஞ்சிலிருந்து, வழக்கமாக வாயே திறக்காத ஒருவன், "அவன் சொல்ற அரை ரெண்டு கேள்வியில பாதி, மூணுல ஒண்ணு வேற மூணு கேள்வியில. ஒரே முழுசுல இல்லையே" என்றான். பீரியட் முடிந்துவிட்டது. அன்றைய போர்ஷன் போச்சு. அந்த வகுப்பில் பின்னம் புரியாமல் யாரும் மேல் வகுப்புக்குப் போகவில்லை என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அந்த மூன்று பேருக்கும் புரிந்தது.

சமீபத்தில் இதே சந்தேகத்தை ஒரு ஏஐயிடம் கேட்டுப் பார்த்தேன். விகிதத்துக்கும் பின்னக் கூட்டலுக்கும் உள்ள வேறுபாட்டை அருமையாக, நான் அன்று திணறியதைவிடப் பல மடங்கு நன்றாக விளக்கியது. ஆனால் அந்தப் பையன் அதனிடம் இதைக் கேட்டிருக்க மாட்டான். எல்லார் முன்னாலும் அவன் விடை தப்பு என்று ஆனது, தன் கட்சியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதனால் யோசித்தான். திரையில் சிவப்புக் குறி வந்திருந்தால் 'அடுத்து' பொத்தானை அமுக்கியிருப்பான். கடைசி பெஞ்ச் பையன் வாய் திறந்திருக்கவே மாட்டான்.

இந்தக் கதையை வைத்து வகுப்பறைக்கு மாலை போட வேண்டாம். அன்று அப்படி ஒரு பீரியட் நடந்தது என்றால், அதற்கு முன்னும் பின்னும் நான் கரும்பலகையில் எழுத அவர்கள் பார்த்து எழுதிய பீரியட்கள் எத்தனையோ. நாற்பது பேருக்கு ஒரே வேகத்தில் பாடம் நடத்தும்போது பத்துப் பேருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும், பத்துப் பேருக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய பாடமே தெரியாது. இதற்கு வகுப்பறையிடம் நல்ல பதில் கிடையாது. கருவி உண்மையிலேயே கைகொடுக்கும் இடமும் இதுதான். தில்லியில் நடுநிலை, உயர்நிலை வகுப்பு மாணவர்கள் 619 பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2019-இல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தான். குலுக்கலில் தேர்ந்தவர்களுக்குப் பள்ளி முடிந்தபின் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளோடு நாலரை மாதம் பயிற்சி. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கிருந்து மென்பொருள் தொடங்கியது. மற்றவர்களைவிடக் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் கிடைத்தது. இதைச் செய்தியாகப் போடும்போது ஒன்றை விட்டுவிடுவார்கள். ஒன்றரை மணி நேர அமர்வில் பாதிதான் மென்பொருள். மீதி 45 நிமிடம் சின்னக் குழுவாக உட்கார வைத்து ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தார்.

ஆள் இல்லாமல் கருவி மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு உதாரணம். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் அங்கே லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து நடந்த மதிப்பீடு 2012-இல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

கொரோனா காலத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம், எல்லாரும் வீட்டில் பார்த்ததுதான். கேமராவை அணைத்த கறுப்புக் கட்டங்களைப் பார்த்து நான் பாடம் நடத்திய மாதங்கள் அவை. ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன். நெதர்லாந்தில் பள்ளிகள் 8 வாரம் மூடியிருந்தன. வேகமான இணையம் அநேகமாக எல்லா வீட்டிலும் உள்ள நாடு, ஆன்லைன் வகுப்பும் நடந்தது. பின்னர் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் தேர்வுகளை ஒப்பிட்டபோது, இழப்பு ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது பள்ளி மூடியிருந்த காலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. வீட்டிலிருந்து படித்ததில் சராசரிப் பிள்ளைக்கு ஏறக்குறைய எதுவும் சேரவில்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு இன்னும் அதிகம்.

அது ஏஐக்கு முந்தைய கதை, இனி வேறு மாதிரி இருக்கும் என்பீர்கள். இருக்கலாம். அதற்கும் ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கிறது. துருக்கியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கிட்டத்தட்ட ஆயிரம் மாணவர்கள். கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவுக்கு சாதாரண சாட்ஜிபிடி போன்ற ஒன்று, இன்னொரு பிரிவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி பழக்கிய ஒன்று, மூன்றாவது பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியில் முதல் பிரிவு, கருவி இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தது, இரண்டாவது 127 விழுக்காடு. அப்புறம் கருவியை வாங்கி வைத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, கருவியே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கியது. இரண்டாவது பிரிவு அப்படி விழவில்லை, ஆனால் கருவி இல்லாதவர்களைவிட மேலேயும் போகவில்லை. முதல் பிரிவினருக்குத் தாங்கள் குறைவாகக் கற்றோம் என்ற உணர்வே இல்லை. அந்தக் கடைசி விஷயம்தான் எனக்குக் கவலை. புரியாதபோது புரியவில்லை என்று தெரிவது ஒரு பாதுகாப்பு. நல்ல விளக்கம் அந்த உணர்வை அழித்துவிடுகிறது. வாசிக்கும்போது எல்லாம் தெளிவாக இருக்கும், தாளை எடுத்தால் கை ஓடாது. இன்னொன்று, இரண்டாவது கருவியைக் காப்பாற்றிய குறிப்புகளில் ஆசிரியர்களின் கை இருந்தது. எந்தக் கணக்கில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இனி, ஆசிரியர்கள் பக்கம் ஒரு வார்த்தை. இயந்திரத்தால் மாற்றக்கூடிய ஆசிரியர் மாற்றப்பட வேண்டியவரே என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கால்வாசி உடன்பாடு. பத்து வருஷம் பழைய நோட்டை வாசித்துப் போர்ஷன் முடிப்பவரைவிட வீடியோ மேல். கேள்வி கேட்ட பிள்ளையை எல்லார் முன்னாலும் கேலி செய்பவரைவிட எந்தச் செயலியும் மேல். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி வருஷம் முழுக்க வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஏஐயிடம் ஒரே சந்தேகத்தை விதவிதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டு வைத்திருந்தாள், அவள் காட்டியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அத்தனை நாள் பயந்தது எங்களுக்குத்தான். இயந்திரத்துக்கு முன் தப்பு செய்வதில் அவமானம் இல்லை. பயந்த பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. பையன் ஐந்தில் இரண்டுக்காகச் சண்டை போட்டதைச் சொன்னேன். அப்படிச் சண்டை போட முடியாத பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தார்கள்.

அப்புறம் ஆசிரியரே இல்லாத இடங்கள். 2030-க்குள் உலகத்துக்குக் கூடுதலாக 4 கோடியே 40 லட்சம் பள்ளி ஆசிரியர்கள் தேவை என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு பேர் எங்கிருந்து வருவார்கள்? இங்கேதான் 'ஆசிரியருக்குப் பதில் கருவி' என்ற பேச்சு நல்ல எண்ணத்தோடும் வரும், சிக்கன எண்ணத்தோடும் வரும். மெக்சிகோ 1968-இல் செய்தது இன்றும் யோசிக்கத்தக்கது. சிற்றூர்களில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர் வைக்க முடியாததால், உயர்வகுப்புப் பாடங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். ஆனால் வகுப்பறையை மூடவில்லை. எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆசிரியரை வைத்தார்கள். பெட்டி விளக்கியது, அவர் கூட இருந்தார். டெலிசெகுந்தாரியா என்ற அந்த முறை பல பத்தாண்டுகள் தாண்டியும் நடக்கிறது. சமோவாவில் சுருங்கியது இங்கே நின்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆசிரியர் இருந்த இடத்தில் பெட்டியை நுழைக்காமல், பாட ஆசிரியர் கிடைக்காத இடத்தில் வைத்தார்கள் என்பது அவற்றில் ஒன்று என்று நினைக்கிறேன்.

வருங்காலத்தைப் பற்றி எனக்கு உள்ள பயம் இயந்திரம் எல்லா ஆசிரியரையும் துரத்திவிடும் என்பது கிடையாது. வசதியான பிள்ளைக்குக் கருவியும் கிடைக்கும், பதினைந்து பேர் வகுப்பில் ஆசிரியரும் கிடைப்பார். வசதியில்லாத பிள்ளைக்குக் கருவி மட்டும் கிடைக்கும், அதைக் காட்டி ஆசிரியர் பணியிடம் நிரப்பப்படாமல் இருக்கும். அப்போதும் பெயர் 'நவீனக் கல்வி'யாகத்தான் இருக்கும். ஒரு கருவியை உங்கள் பள்ளியில் கொண்டு வருகிறவர்களிடம், இதனால் ஆசிரியருக்கு எந்த வேலை மிச்சமாகிறது, மிச்சமான நேரத்தில் அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேளுங்கள். விடைத்தாள் திருத்துவது மிச்சம், அந்த நேரத்தில் பின்தங்கிய ஐந்து பேரோடு உட்காருவார் என்றால் வாங்கச் சொல்லுங்கள். ஆசிரியர் எண்ணிக்கை குறையும் என்பதே பதிலாக வந்தால் அது கல்வித் திட்டம் இல்லை, செலவுத் திட்டம்.

இப்போது உங்கள் பையன். அவன் போகும் டியூஷனில் நாற்பது பேரை உட்கார வைத்து இன்னொரு முறை அதே பாடத்தை நடத்துகிறார்கள் என்றால் தாராளமாக நிறுத்துங்கள், செயலியே மேல். அங்கே ஐந்தாறு பிள்ளைகள், சொல்லிக்கொடுப்பவருக்கு இவன் எங்கே தடுமாறுவான் என்று தெரியும் என்றால் நிறுத்தாதீர்கள். செயலி வாங்கினால், விடையைக் கொட்டாமல் குறிப்பு கொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். முதலில் அவன் தாளில் போட்டுப் பார்க்கட்டும், மாட்டிக்கொண்டபின் கேட்கட்டும். நல்ல மதிப்பெண் காட்டுகிறது என்று செயலி அனுப்பும் அறிக்கையை நம்ப வேண்டாம், நான் அந்த அறிக்கைகளைத் தயாரித்தவன். வாரத்துக்கு இரண்டு நாள் அவனை எதிரில் உட்கார வைத்து, அன்று படித்ததை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டால் இன்னும் நல்லது, நடிக்க வேண்டியிருக்காது. நடுவில் அவன் திணறி நிற்கும்போது போனை எடுத்துப் பார்க்காமல், திருத்தாமல், கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.